சத்தம் போடாத கதவு

குருநகரில் அந்த ஒழுங்கைக்குள் வெளிநாட்டுப் பெட்டி ஒன்று வந்து இறங்கினால், உள்ளே என்ன இருக்கிறது என்று வீட்டுக்காரருக்குத் தெரிய முதலே முன்வீட்டுச் சீலாவுக்குத் தெரிந்துவிடும். பெட்டியை அவள் பார்ப்பதில்லை. தூக்கி வருகிறவனின் முகத்தைப் பார்ப்பாள். உடுப்பென்றால் ஒரு முகம், சொக்கிலேட்டும் சவர்க்காரமும் என்றால் இன்னொரு முகம். கத்தரீனாவுக்கு வந்த பெட்டியைத் தூக்கியவன் பல்லைக் கடித்துக்கொண்டு, வாய்க்குள் யாரையோ ஏசியபடி வந்தான். அப்படியொரு முகம் சீலாவின் அனுபவத்தில் இல்லை. ஆகவே, வீட்டில் சீனிப் பேணி நிரம்பக் கிடக்க, ஒரு கோப்பை சீனி கேட்டுக்கொண்டு அவள் ஒழுங்கையைக் கடந்தாள்.

பெட்டிக்குள் சொக்கிலேட்டும் இருந்தது, சவர்க்காரமும் இருந்தது. பேத்திக்குக் கம்பளியில் ஒரு குளிர்ச்சட்டையும் இருந்தது. கோப்பாயில் தோட்டத்து வெயிலுக்குள் ஓடித்திரிகிற அந்தப் பிள்ளை அதை எந்தக் காலத்தில் போடும் என்பது அனுப்பிய புருசன் கிறகோரிக்குத்தான் வெளிச்சம். எல்லாவற்றுக்கும் அடியில், பழைய துவாய் ஒன்றால் குழந்தையைச் சுற்றுவதுபோலச் சுற்றி, ஒரு மெஷின் கிடந்தது.

பெல்ட் சாண்டர் என்று அதற்குப் பெயர். அடியில் இரண்டு உருளை, அவற்றைச் சுற்றி வார்போல ஒரு சாண்ட்பேப்பர்ப் பட்டி. சுவிச்சை அழுத்தினால் பட்டி சுழன்று பலகையை உராய்ந்து மினுக்கும். தூள் பின்பக்கத்துத் துணிப்பைக்குள் போகும். பிரான்சில் வீடு வீடாய்ப் போய், முழந்தாளில் நின்று, நிலப்பலகை மினுக்குவதுதான் கிறகோரியின் தொழில். இது அவருடைய மெஷின். கைபிடியில் அவர் பிடித்துப் பிடித்தே றப்பர் தேய்ந்திருந்தது.

சீலா சீனியோடு போன பிறகு கத்தரீனா செய்த காரியம் சீலாவுக்கே தெரியாது. துணிப்பையின் வாயைத் திறந்து மூக்கை உள்ளே வைத்தாள். மஞ்சள் தூள். வேம்பின் மணமில்லை, பலாவின் மணமில்லை, அவளுக்குப் பெயர் தெரியாத ஏதோ மரம். யாரோ ஒரு வெள்ளைக்காரியின் வீட்டு நிலம், கிறகோரி குனிந்து உராய்ந்து எடுத்தது. தும்மல் வந்தது. தும்மிவிட்டு மறுபடியும் மூக்கை வைத்தாள்.

ஒழுங்கை அன்று பின்னேரமே தீர்ப்புச் சொல்லிவிட்டது. முல்லைத்தீவுப் பக்கம் கடற்கரையில் வாடி போட்டு மீன் தொழில் செய்யப் போகிறவர்கள், பருவம் முடிந்தால் முதலில் வலையை லொறியில் ஏற்றி அனுப்புவார்கள். ஆள் பின்னால் வரும். வலை வந்து இறங்கியது என்றால் மனிசிமார் மீன் வாங்கச் சட்டி தேடமாட்டார்கள், கோழி பிடிக்கத்தான் ஆள் தேடுவார்கள். கிறகோரி மெஷினை அனுப்பிவிட்டார். பிறகென்ன, மார்கழியில் நத்தாருக்கு ஆள் நிற்கும்.

கத்தரீனா இதற்கு ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. புதிதாய் ஒரு படுக்கை விரிப்பு வாங்கினாள். முன் விறாந்தையில் எரியாமல் கிடந்த பல்பை மாற்றினாள். மல்லியை அவர் விரும்பும் கருக்கலுக்கு வறுத்துத் தூள் இடித்து வைத்தாள். இவ்வளவும் சீலாவின் கண்ணுக்கு முன்னால்தான் நடந்தது. பிறகு வாயால் வேறு சொல்ல வேண்டுமா என்ன?

அடுத்தது, அந்தக் கதவு.

கிறகோரி ஊரில் இருந்த காலத்தில் ஓடாவி. வள்ளம் கட்டுவார், வள்ளம் இல்லாத நாளில் வீட்டோடு இறக்கியிருந்த பத்திக்குள் மேசை போட்டு ஜன்னலும் கதவும் செய்வார். ஒழுங்கையில் பாதி வீட்டுக்கு அவர் கை பட்டிருக்கிறது. அவருடைய சொந்த வீட்டு வாசல் கதவு மட்டும் மழை தொடங்கினால் ஊதி நிலையோடு இறுகிவிடும். தோளால் இடித்துத் தள்ளினால், மாடு ஈனுகிற மாதிரி ஒரு முக்கல் போட்டுத் திறக்கும். அடுத்த கிழமை சீவி விடுகிறேன், அடுத்த கிழமை சீவி விடுகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தவர், ஒரு கிழமை வெளிநாட்டுக்குப் போய்விட்டார். போகும்போது, வந்து செய்கிறேன், வேறு ஒருவனையும் தொட விடாதே என்றார்.

அவள் விடவில்லை. பின்வளவுச் செபநாயகம், அவரும் வள்ள வேலைக்காரர்தான், வருசத்துக்கு ஒருமுறை சீவுளியோடு வந்து கேட்டார். மருமகன் கேட்டான். பங்குச் சுவாமியார்கூட ஒருநாள் வீடு மந்திரிக்க வந்து, வெளியே போகத் தோள் கொடுத்துவிட்டுக் கேட்டார். எல்லோருக்கும் ஒரே பதில், அவர் வந்து செய்வார். மகளின் கலியாணம் அந்தக் கதவைத் தாண்டிப் போயிற்று, பேத்தி அந்தக் கதவைத் தாண்டி வந்தாள். அவருக்கு விசா இல்லாத வருசங்கள் போய், விசா கிடைத்து வருசங்களும் ஆயிற்று. வருவது மட்டும் அடுத்த திருவிழாவுக்கு, அடுத்த நத்தாருக்கு என்று தள்ளிக்கொண்டே போனது. மாரிக்கு மாரி கத்தரீனா தோளால் இடித்தாள். கதவு முக்கும் சத்தத்தை வைத்தே அவள் பூசைக்குப் போகிறாளா, சந்தைக்குப் போகிறாளா என்று சீலா சொல்லுவாள்.

இப்போது மெஷின் வந்துவிட்டது. பின்னால் ஆள். கத்தரீனா மெஷினைப் பத்திக்குள் மேசையில் வைத்து, மேலே துவாயை மூடி வைத்தாள். செபநாயகம் தன் வள்ளத்துக்கு ஒருநாள் இரவல் கேட்டதற்கு, அது அவருடைய சாமான், அவர் வந்த பிறகு கேளுங்கோ அண்ணை என்று சொல்லியனுப்பினாள்.

நத்தாருக்கு முதல் மாதம், ஒரு ஞாயிறு பூசை முடிந்து வந்து இருக்க, கிறகோரி வீடியோவில் கோல் எடுத்தார். மழையைப் பற்றிக் கேட்டார், பேத்தியைப் பற்றிக் கேட்டார். பிறகு, தொண்டையைச் செருமிக்கொண்டு, மெஷின் சும்மாதானே கிடக்கிறது, கதவைக் கழற்றி நீயே மினுக்கு, எப்படியென்று நான் சொல்லித் தருகிறேன் என்றார்.

கத்தரீனாவின் கையில் தேத்தண்ணிக் கோப்பை இருந்தது. அதைக் கீழே வைத்தாள்.

"நீங்கள் வந்து செய்யிறதுதானே?"

"அது பிறகு பாப்பம். மாரிக்குள்ளைதான் கதவு ஊதியிருக்கும், எங்கை பிடிக்குதெண்டு இப்பத்தான் தெரியும். நத்தாருக்கு முந்தி முடிச்சால் நல்லதெல்லே."

வருகிற மனிசன் ஏன் பாடம் சொல்லித் தரப்போகிறான்? அவ்வளவுதான் அவளுக்கு விளங்கியது. வலை வந்துவிட்டது, ஆள் வரவில்லை. புது விரிப்பை அலுமாரிக்குள் மடித்து வைத்துவிட்டு, சரி, சொல்லுங்கோ என்றாள். வேறு என்ன செய்வது? அவருடைய குரலை அரை மணித்தியாலம் கூடக் கேட்கலாம்.

கதவைக் கழற்றச் செபநாயகம் வந்தார். மெஷினைத் தொடலாம் என்ற நப்பாசையில் பிணைச்சல் ஆணிகளைப் பக்குவமாய்க் கழற்றி, கதவைப் பத்திக்குள் தூக்கி வந்து, பிடிக்கிற ஓரம் மேலே பார்க்க நிமிர்த்தி, ஆடாமல் இரண்டு பக்கமும் கட்டை இறுக்கிக் கொடுத்தார். கத்தரீனா அவருக்குத் தேத்தண்ணி கொடுத்து, மிக்க நன்றி அண்ணை என்றாள். அந்த 'மிக்க'வில் வெளியே போ என்பதும் இருந்தது. அவர் வேலியோரம் வரைதான் போனார்.

பலகையில் பால்மாப் பேணியோடு சாய்த்து வைத்த போனுக்குள்ளிருந்து கிறகோரி தொடங்கினார். முதலில் தூள் பையைக் கொட்டு, பழைய தூள் நிரம்பிக் கிடந்தால் சூட்டுக்கு நெருப்புப் பிடிக்கும் என்றார். கத்தரீனா அந்த மஞ்சள் தூளை ஜாம் போத்தல் ஒன்றுக்குள் கவனமாய்க் கொட்டி மூடினாள். உதென்ன செய்கிறாய் என்று அவர் கேட்க, உங்களுக்கென்ன என்றாள். வயர் தண்ணிக்குள் கிடக்கக்கூடாது, மெஷினுக்கு முன்னாலும் கிடக்கக்கூடாது, தோளுக்கு மேலால் பின்னுக்குப் போடு. இது இரண்டு கால் பிளக், மேல் ஓட்டைக்குள் ஈர்க்குக் குத்தித் திறந்து செருகாதே, கடையில் அடப்ரர் வாங்கு. அவள் ஈர்க்கைக் கையில்தான் வைத்திருந்தாள். மெல்லக் கீழே போட்டுவிட்டு, கடைக்குப் போய் ஒன்று வாங்கி வந்தாள்.

தொங்குகிற ஒன்றும் உடம்பில் இருக்கக்கூடாது என்றார். பட்டி இழுத்தால் ஆளையும் சேர்த்து இழுக்கும். தலைமயிரை இறுக்கிக் கொண்டை போட்டாள். சட்டைக்கு மேல் போட்டிருந்த துண்டை எடுத்தாள். தாலிக்கொடி? அதையும் கழற்றத்தான் வேண்டும் என்று அவர் சொல்ல, கத்தரீனா போனையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கொடியைச் சட்டைக்குள் விட்டு, ஊசியால் உள்ளே குத்தி, மேலே பொத்தானைப் பூட்டினாள்.

வாய்க்கும் மூக்கிற்கும் கொரோனாக் காலத்து மாஸ்க் ஒரு கட்டு அலுமாரியில் இருந்தது. காதுக்குப் பஞ்சு. கண்ணுக்கு என்ன செய்வதென்று யோசித்து, மருமகன் மறந்துவிட்டுப் போன மோட்டார்சைக்கிள் ஹெல்மெட்டை எடுத்துத் தலையில் கவிழ்த்துக் கண்ணாடியை இறக்கினாள். போனுக்குள் கிறகோரி சிரித்தார். இருமி இருமிச் சிரித்தார். வேலிக்கு அந்தப் பக்கம் சீலாவும் சிரித்தது கேட்டது. கத்தரீனா சீலாவின் சிரிப்பைக் கணக்கெடுக்கவில்லை. மற்றச் சிரிப்பைக் கேட்க ஹெல்மெட்டுக்குள் விரலை விட்டுக் காதிலிருந்த பஞ்சை எடுத்துவிட்டாள்.

பிறகு எப்படிப் பிடிப்பதென்று காட்ட அவர் ஒரு மெஷின் தேடினார். அவரிடம்தான் மெஷின் இல்லையே. குசினிக்குள் போய், பிரெஞ்சுக்காரர் தின்னும் முழநீள ரொட்டிப் பாண் ஒன்றைக் கொண்டு வந்தார். இரண்டு கை, எப்போதும் இரண்டு கை என்றார். முதலில் மெஷினைத் தூக்கிப் பிடித்துச் சுவிச்சைப் போடு, ஓடத் தொடங்கிய பிறகு பலகையில் மெல்ல இறக்கு. அமத்தாதே, அதன் பாரமே காணும். ஓரிடத்தில் நிற்கவிட்டால் பள்ளம் தோண்டிவிடும், ஆகையால் போய்வந்துகொண்டே இருக்கவேணும். முடிந்தால் முதலில் தூக்கு, பிறகு நிப்பாட்டு. விரல் நோகுமென்றால் பக்கத்தில் சின்னப் பொத்தான் ஒன்று இருக்கிறது, அதை அமத்தினால் விரலை எடுத்தாலும் ஓடும். இதைச் சொல்லிக்கொண்டே பாணைத் தூக்கிக் காட்டினார். பாண் அவர் வலக்கையிலிருந்து நழுவி விழுந்தது.

இடக்கையால் எடுத்து மறுபடி வலக்கையில் வைத்தார். மறுபடி விழுந்தது.

கத்தரீனா ஹெல்மெட்டைக் கழற்றினாள். போனைக் கிட்ட எடுத்துப் பார்த்தாள். அவருடைய விரல்கள் நுனியிலிருந்து பாதிக்குக் கோயில் மெழுகுதிரிபோல வெளுத்துக் கிடந்தன.

"உதென்ன கை?"

"குளிர்."

"வீட்டுக்குள்ளைதானே நிக்கிறியள்."

அவர் பாணை எங்கோ வைத்துவிட்டு வந்தார். சொல்லாமல் விடப் பார்த்தார், அவள் விடவில்லை. மெஷினின் நடுக்கம் வருசக்கணக்காய் விரலுக்குள் ஏறினால் இப்படித்தான் வருமாம். குளிரென்றால் வெளுத்து மரத்துப்போகும், ஒன்றையும் பிடிக்கத் தெரியாது. இனி நடுங்குகிற ஒரு சாமானையும் தொடாதே என்று டொக்டர் சொல்லிவிட்டார். இப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் காலையும் பின்னேரமும் கேற்றைத் திறந்து பூட்டுகிற வேலை. போன வருசத்திலிருந்தே அதுதான்.

"என்னட்டை ஏன் சொல்லேல்லை?"

"என்னெண்டு சொல்லுறது? வந்து செய்யிறன், வந்து செய்யிறனெண்டு உந்தக் கதவை உன்னட்டை விட்டிட்டு வந்தனான். நீயும் ஒருத்தனையும் தொட விடாமல் வைச்சுக்கொண்டிருக்கிறாய். உளி பிடிக்கேலாத ஓடாவி வந்து வாசலிலை நிண்டு என்ன செய்யிறது? நான் பாத்துக்கொண்டு நிக்க, செபநாயகத்தைக் கூப்பிட்டுச் செய்விக்கிறதே?"

கத்தரீனா கழற்றி நிறுத்தியிருந்த கதவைப் பார்த்தாள். அந்தக் கதவை அவள் எதற்காக வைத்திருந்தாள்? ஒருநாளைக்கு அவர் வந்து செய்ய ஒரு வேலை இருக்கட்டும், அந்த வேலை அவரை இழுத்துக்கொண்டு வரட்டும் என்றுதான். மாரி மாரியாய்த் தோள் நோக இடித்ததும் அதற்குத்தான். அந்தக் கதவே அவரை வாசலில் மறித்துக்கொண்டு நின்றிருக்கிறது.

காதுக்குள் பஞ்சைத் திருகி, ஹெல்மெட்டைப் போட்டாள்.

"தூக்கிப் பிடிச்சுச் சுவிச்சைப் போடுறது. பிறகு இறக்கிறது. அப்பிடித்தானே?"

ஓம் என்றார்.

மெஷின் கத்திய கத்தில் ஒழுங்கை நாய்கள் எல்லாம் எழும்பின. முதல் இறக்கத்தில் அது அவளை இழுத்துக்கொண்டு போகப் பார்த்தது. அவள் இரண்டு கையாலும் பிடித்து நின்றாள். பிறகு அதன் போக்குப் பிடிபட்டது. கதவு நிலையோடு பிடிக்கிற இடங்களுக்கு அடையாளமாய்ச் செபநாயகம் பூசிவிட்டிருந்த சோக்கட்டி வெள்ளை, போய்வரப் போய்வர அழிந்தது. காணும், காணும், நிறைய எடுக்காதே, கோடைக்குச் சுருங்கும் என்று போனுக்குள் அவர் கத்திக்கொண்டிருந்தார். தேய்ந்த றப்பர்ப் பிடியில் அவருடைய விரல் பதிந்த பள்ளங்களுக்குள் அவளுடைய விரல்கள் போய் இருந்தன. கொஞ்சம் பெரிய பள்ளங்கள்தான்.

ஓரம் முடிந்தது. அத்தோடு நிறுத்தியிருக்கலாம். உஷார் வந்துவிட்டதல்லவா, கதவை மேசையில் படுக்க வைத்து முகத்தில் உரிந்து தொங்கிய பழைய நீலப் பெயின்ரையும் எடுப்போம் என்று தொடங்கினாள். விரல் நொந்தது. சின்னப் பொத்தானை அமத்தினாள். பாதிக் கதவு மினுங்கி வருகையில் கரண்ட் போனது.

மாரி என்றால் கரண்ட் போகும். அதற்கு யாராவது பதறுவார்களா? மெஷின் அடங்கியது. அவள் அதைக் கதவின் மேலேயே வைத்துவிட்டு, ஹெல்மெட்டைக் கழற்றி, முகத்தைத் துடைத்து, செம்பில் தண்ணி எடுத்தாள். சத்தம் நின்றதும் வேலியோரம் நின்ற செபநாயகம் உள்ளே வந்தார். கதவின் மற்ற அந்தத்தில் நின்று குனிந்து, மெஷினை அப்படியும் இப்படியும் பார்த்து, உது நல்ல சாமான் தங்கச்சி, உதை எனக்கு ஒருநாளைக்கு என்று வாயெடுத்தார்.

கரண்ட் வந்தது. கோயில் லவுட்ஸ்பீக்கரும் சீலா வீட்டு ரீவியும் மெஷினும் ஒன்றாய்க் கத்தின. அமத்திய பொத்தான் அமத்தியபடியே கிடந்ததல்லவா, மெஷின் நின்ற இடத்தில் ஒரு பிடி தோண்டிவிட்டு, கதவின் மேலே பூனை பாய்வதுபோல ஒரே ஓட்டமாய் ஓடியது, நேரே செபநாயகத்தை நோக்கி. ஆளுக்கு அறுபது தாண்டிவிட்டது. ஆனால் அன்று அவர் பாய்ந்த பாய்ச்சலைச் சீலா இன்றைக்கும் நடித்துக் காட்டுவாள். மெஷின் அந்தத்தால் விழுந்து, வயர் இழுபட்டு, பிளக் கழன்று அடங்கியபோது அதன் வாயில் செபநாயகம் உடுத்திருந்த சாரத்திலிருந்து ஒரு துண்டு மட்டும் இருந்தது. மிச்சச் சாரத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனார். இரவல் கேட்டதும் அத்தோடு நின்றது.

போனுக்குள் கிறகோரி கத்திக்கொண்டிருந்தார். கத்தரீனா போய் முன்னால் நின்றாள்.

"விரலைக் காட்டு. எல்லாத்தையும் காட்டு."

இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். அவர் கிட்ட வந்து ஒவ்வொன்றாய்ப் பார்த்தார். பார்த்து முடிந்தும் கையை எடுக்கச் சொல்லவில்லை. அவளும் எடுக்கவில்லை.

"கரண்ட் போனால் முதல் வேலை பிளக்கைக் கழட்டுறதெல்லே. பொத்தானை விடுறதெல்லே."

"நீங்கள் சொல்லேல்லை."

அவர் யோசித்தார். எல்லாம் சொன்னார், ஈர்க்கு வரைக்கும் சொன்னார். இதைச் சொல்லவில்லை.

"இஞ்சை கரண்ட் போறேல்லை, கத்தரீனா. அங்கை போகுமெண்டதை மறந்துபோனன்."

அதை அவர் சொன்ன விதத்தில், மறந்துபோனது கரண்டை மட்டும் இல்லை என்று இருந்தது. கத்தரீனா செம்புத் தண்ணியைக் குடித்தாள். மழை மறுபடியும் தகரத்தில் விழத் தொடங்கியது.

"வந்து நாலு நாள் இருந்தால் நினைவு வரும்," என்றாள்.

கதவை மறுநாள் மருமகன் வந்து பிணைச்சலில் கொழுவி மறுபடி நிலையில் பூட்டினான். கத்தரீனா போனைக் கையில் பிடித்துக்கொண்டு, ஒற்றை விரலால் கதவைத் தள்ளிக் காட்டினாள். ஒரு முக்கல் இல்லை, ஒரு முனகல் இல்லை. போய்ச் சுவரில் மெல்ல முட்டி நின்றது.

"பாத்தியளோ? இனி இஞ்சை உங்களுக்கு ஒரு வேலையும் இல்லை. கையைப் பொக்கற்றுக்குள்ளை வைச்சுக்கொண்டு வாங்கோ. வந்து கதிரையிலை இருங்கோ. பாண்கூட நான் வெட்டித் தாறன்."

அவர் கதவையே பார்த்தார். நடுவிலே மெஷின் தோண்டிய பள்ளம் கையகலத்துக்குக் கிடந்தது. அதை மட்டமாக்க வழி இருக்கிறது என்று தொடங்கினார். அது கிடக்கட்டும், நத்தார் மாலையைக் கொழுவி மறைக்கிறேன் என்றாள். அவர் கண் அசையாமல் கதவிலேயே நின்றது. நெற்வேர்க் போய்விட்டதோ என்று அவள் போனைத் தட்டிப் பார்த்தாள்.

"சத்தமே இல்லையே," என்றார். "ஆள் வந்தால் உனக்கென்னெண்டு தெரியும்?"

டிக்கெட் போடுகிறேன் என்றோ, அடுத்த திருவிழாவுக்கு என்றோ அவர் சொல்லவில்லை. ஒழுங்கையில் இதைக் கேட்டவர்களுக்கு அது ஒரு பதிலாகவே படவில்லை. சீலா உதட்டைப் பிதுக்கினாள். கத்தரீனா மட்டும் அந்தக் கேள்வியை மடியில் கட்டிக்கொண்டு திரிந்தாள். வராத மனிசனுக்கு வாசலில் சத்தம் கேட்குமா கேட்காதா என்று என்ன கவலை?

கதவு திருந்தியதில் நட்டம் சீலாவுக்குத்தான். கத்தரீனா எப்போது போகிறாள், எப்போது வருகிறாள் என்று இப்போது அவள் எழும்பி வந்து பார்க்கவேண்டியிருக்கிறது. அப்படிப் பார்த்துத்தான் மிச்சமும் தெரிந்தது. விரிப்பு மறுபடியும் கட்டிலுக்கு வந்திருக்கிறது. மஞ்சள் தூள் போத்தல் மாதாவின் படத்துக்குக் கீழே, மெழுகுதிரிக்குப் பக்கத்தில் இருக்கிறது. பின்னேரங்களில் கத்தரீனா கொண்டி போடாமல் கதவை வெறுமனே சாத்திவிட்டு உள்ளே இருந்து தைக்கிறாள். கடற்காற்று வந்தால், சீவி இளகிய கதவு தானாகவே திறக்கிறது, ஒரு சத்தமும் இல்லாமல். முன்பென்றால் அதைத் திறக்க ஒரு தோள் வேண்டும்.

ஒவ்வொரு முறையும் அவள் ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டு எழும்பி வாசலுக்கு வருகிறாள். வேலிப் படலையைப் பார்க்கிறாள், ஒழுங்கை முடக்கு வரைக்கும் பார்க்கிறாள். காற்றக்கா, காற்று, என்று சீலா முன்வீட்டிலிருந்து சொல்லுவாள். ஓமடி, காற்றுத்தான், என்று சொல்லிவிட்டுக் கத்தரீனா கதவைச் சாத்துவாள். கொண்டி போடமாட்டாள்.